யெண்டெ ஏரியைச் சுற்றி நடக்க: முகட்டு வழியா, கரை வழியா?

கேள்வி இதுதான்: “ஆகஸ்ட் நடுவில் ஆஸ்லோவில் அக்கா வீட்டுக்கு வருகிறோம். எல்லோரும் பெஸ்ஸெகன் போகாமல் திரும்பாதே என்கிறார்கள். நான் வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். அம்மாவுக்கு 58 வயது, தினமும் நடப்பவர், ஆனால் உயரம் என்றால் பயம். அவரையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? கூடாரம் போடலாமா, விடுதியா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?”

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பெஸ்ஸெகன் என்ற அந்தப் பாறை முகட்டில் அவரை ஏற்ற வேண்டாம். நீங்கள் ஏறுவதா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். அதை அன்றைக்குக் காலையில், யெண்டெ ஏரிக்கரையில் இருக்கும் மேமுருபு படகுத்துறையில் இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும். இந்த இடத்தின் அமைப்பே அதற்கு வசதியாக இருக்கிறது. அதனால்தான் பழக்கமில்லாதவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். யெண்டெ என்பது நார்வேயின் யோத்துன்ஹெய்மன் தேசியப் பூங்காவில், கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒடுங்கலான ஏரி. கடல்மட்டத்திலிருந்து 984 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஜி எழுத்தில் தொடங்கும், பேருந்தில் கேட்கும்போது ‘யெண்டெ’ என்றே கேளுங்கள். ஏரிக்கரையில் மூன்று இடங்களில் விடுதிகள் உண்டு: கிழக்குக் கோடியில் யெண்டெஸ்ஹெய்ம், வடகரையின் நடுவில் மேமுருபு, மேற்குக் கோடியில் யெண்டெபு. கோடைக்காலத்தில் இந்த மூன்றையும் இணைத்துப் படகு ஓடும். சாலை வந்து சேர்வது யெண்டெஸ்ஹெய்முக்கு மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் படகு, இல்லாவிட்டால் கால். தென்கரை செங்குத்து, அங்கே நடக்க வழி தேட வேண்டாம். ‘ஏரியைச் சுற்றி’ என்று ஊரில் சொன்னாலும், உண்மையில் வடகரையில் நடந்து மீதியைப் படகில் முடிப்பதுதான் வழக்கம்.

பெஸ்ஸெகன் என்பது வடகரைக்கு மேலே, யெண்டெவுக்கும் பெஸ்வாத்னெ என்ற இன்னொரு ஏரிக்கும் இடையில் நிற்கும் பாறை முகடு. நீங்கள் பார்த்திருக்கும் படம் அங்கிருந்து எடுத்ததுதான்: ஒரு பக்கம் கரும்நீலத்தில் ஓர் ஏரி, மறுபக்கம் அதற்கு வெகு கீழே பச்சையாக இன்னொன்று. பெஸ்வாத்னெ 1373 மீட்டரில் இருக்கிறது, அதாவது யெண்டெவைவிட ஏறக்குறைய 390 மீட்டர் மேலே. நடுவில் இருப்பது ஒரு ஒடுங்கிய பாறைத் திட்டு மட்டும். இந்த மலைகளில் பெரும்பகுதி கேப்ரோ என்ற கடினமான கரும்பாறை. பனியூழியில் பெரிய பனியாறுகள் யெண்டெ பள்ளத்தை ஆழமாகக் குடைந்துவிட்டன, பெஸ்வாத்னெ மேலேயே தங்கிவிட்டது.

நிறம் ஏன் வேறு என்று எல்லோரும் கேட்பார்கள். மேமுரு பனியாறு பாறையை அரைத்துக்கொண்டே நகர்கிறது. அந்தத் தூள் மாவைவிட நுண்ணியது. அதை மூரு என்ற ஆறு கொண்டுவந்து மேமுருபுவில் ஏரியில் கொட்டுகிறது. தூள் சீக்கிரம் அடியில் படியாமல் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் ஏரி பச்சையாகத் தெரிகிறது. பெஸ்வாத்னெவுக்குப் பனியாற்று நீர் வருவதில்லை, அதனால் தெளிந்த நீலம். பனி நன்றாக உருகும் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் பச்சை உச்சத்தில் இருக்கும், ஜூனில் போனவர்கள் ‘படத்தில் பார்த்த அளவு இல்லையே’ என்று சொல்வதுண்டு. படகிலிருந்து இறங்கியதும் உடனே மேலே ஓடாமல், ஆறு கலக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாம்பல் நிறத் தண்ணீர் தனியாக, பச்சை தனியாக, நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். முதல் நாள் ஆஸ்லோவிலிருந்து வந்து யெண்டெஸ்ஹெய்மில் தங்குங்கள். காரில் நாலு, நாலரை மணி நேரம்: ஃபாகெர்னெஸ், பெய்த்தோஸ்டோலன் வழியாக வந்து 51-ஆம் எண் சாலையில் வால்ட்ரெஸ்ஃப்ளிய மேட்டைக் கடக்க வேண்டும். அந்த மேடே 1389 மீட்டர், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கோடையில் பேருந்தும் உண்டு. கார் என்றால் படகுத்துறைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சற்றுத் தள்ளி ரெய்ன்ஸ்வாங்கன் என்ற இடத்தில் பெரிய நிறுத்துமிடமும், அங்கிருந்து துறைக்குச் சிற்றுந்தும் இருக்கின்றன. அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை முதல் படகில் மேமுருபு. சுமார் இருபது நிமிடம்தான். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், ஆகஸ்ட்டில் காலைப் படகுகள் நிரம்பிவிடும். காலையில் படகு, பிறகு நடந்து திரும்புவது என்ற இந்த வரிசை முக்கியம். சிலர் நேர்மாறாக, முதலில் நடந்துவிட்டு மாலைப் படகில் திரும்பலாம் என்று கிளம்புவார்கள். அப்படிப் போனால் நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், கடைசிப் படகு போய்விட்டால் மேமுருபுவில் அறை கேட்டு நிற்க வேண்டியதுதான். தவிர, அந்தத் திசையில் முகட்டின் செங்குத்தான பகுதியில் ஏறுவதற்குப் பதிலாக இறங்க வேண்டிவரும். பாறையில் ஏறுவதைவிட இறங்குவது எப்போதும் கடினம், பயமுள்ளவர்களுக்கு இன்னும் கடினம்.

மேமுருபுவில் இறங்கியதும் உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. முகட்டு வழி, கரை வழி, அல்லது காப்பி குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்புவது. மூன்றாவதைக் கேலியாகச் சொல்லவில்லை. பலத்த மழையில் அதைத் தேர்ந்தெடுக்கிறவர்களைத்தான் நான் புத்திசாலிகள் என்பேன்.

முகட்டு வழி சுமார் 14 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1000 மீட்டருக்கு மேல். பழகியவர்கள் ஆறேழு மணி நேரம் என்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கமே கிறுகிறுவென்று ஏற்றம், விடுதிக்குப் பின்னாலிருந்து ஒரேயடியாக மேட்டுக்குக் கொண்டுபோய் விடும். முதல் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் வாங்கும். அப்புறம் மேலே சமவெளி மாதிரி ஏறி இறங்கிப் போகும், சிறு குட்டைகள் வரும். பின்பு பெஸ்வாத்னெவின் கரைக்கு இறங்குவீர்கள். அங்கே இரண்டு ஏரிகளுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த பாறைப் பட்டை, பெயர் பாண்டெ. சாப்பிட நல்ல இடம் அதுதான். ஏரித் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

பாண்டெயில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் முகடு முழுக்கத் தெரியும். கடைசியாக யோசிக்க வேண்டிய இடம் இது. முகட்டில் புள்ளி புள்ளியாக மனிதர்கள் தெரிந்தால் நல்லது. மேகம் இறங்கி முகடே மறைந்திருந்தால், அல்லது இங்கேயே காற்று தொப்பியைப் பறிக்கிற அளவுக்கு அடித்தால், வந்த வழியே மேமுருபுவுக்குத் திரும்புங்கள். ஏறத் தொடங்கிய பிறகு பின்னால் ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது இறங்குவது சங்கடம்.

ஏற்றம் எப்படி இருக்கும்? படத்தில் தெரிகிற அளவுக்குக் கத்தி முனை அல்ல. பெரும்பாலான இடத்தில் நாலைந்து பேர் ஒதுங்கி நிற்கலாம். ஆனால் சில இடங்களில் கை வைக்காமல் ஏற முடியாது. ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் தேய்த்துத் தேய்த்துப் பாறையின் விளிம்புகள் வழவழப்பாகிவிட்டன, ஈரமானால் வழுக்கும். கைத்தடியை அங்கே மடக்கிப் பையில் மாட்டிவிடுங்கள். கையுறையின் பிடி சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வெறும் கையால் பாறையைப் பிடியுங்கள். முன்னால் போகிறவரின் குதிகாலை ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுங்கள், தளர்ந்த கல் ஒன்று உருண்டாலும் கீழே இருப்பவருக்குத்தான் வரும். வலக்கைப் பக்கம் யெண்டெ, இடக்கைப் பக்கம் பெஸ்வாத்னெ. உயரப் பயம் இலேசாக இருப்பவர்கள் இடப்பக்கமாக ஒதுங்கி, பாறையை மட்டும் பார்த்து ஏறிவிடுகிறார்கள். நிஜமாகவே உடல் உறைந்துபோகிறவர்களுக்கு அந்த உபாயம் உதவாது. உங்கள் அம்மா எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இது இடமல்ல.

வெள்ளியங்கிரி ஏறியதாகச் சொன்னீர்கள். அந்தக் கால் வலு இங்கே கைகொடுக்கும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே முகட்டில் நிழலும் இல்லை, காற்றுக்கு ஒதுங்க மரமும் இல்லை, வழியில் சுக்குக் காப்பி விற்கிறவரும் இல்லை. கல்லில் சிவப்பு வண்ணத்தில் ‘டி’ எழுத்து போட்டிருப்பார்கள், ஆங்காங்கே கற்குவியல்கள் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆசைக்கு நீங்களும் ஒரு கற்குவியல் கட்டாதீர்கள். மூடுபனியில் அதை நம்பி இன்னொருவர் வழி தவறுவார்.

முகடு முடிந்ததும் வெஸ்லஃபியெல் என்ற அகன்ற கல் மேடு, 1743 மீட்டர். எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடம். உண்மையில் அங்கிருந்து யெண்டெஸ்ஹெய்ம் வரை ஏறக்குறைய 750 மீட்டர் இறங்க வேண்டும், முழுக்கக் கல். முகட்டைவிட இந்த இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். சோர்ந்த காலோடு அவசரப்படும்போதுதான் கணுக்கால் மடங்கும். கைத்தடியை மறுபடி வெளியே எடுங்கள்.

இனி கரை வழி. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம்தான். மேமுருபுவிலிருந்து ஏரியை ஒட்டியே யெண்டெஸ்ஹெய்ம் வரை சுமார் 10 கிலோமீட்டர். நடக்க மூன்று, நாலு மணி நேரம், உட்கார்ந்து உட்கார்ந்து போனால் ஐந்து. குட்டையான பிர்ச் மரங்களுக்கு நடுவே பாதை போகும், வேர்கள், ஈரக் கற்கள், சிறு ஓடைகள் குறுக்கே வரும். மட்டமான நடைபாதை என்று நினைத்துச் சாதாரணக் காலணியில் போகாதீர்கள். முகட்டில் காற்று அடித்து மனிதர்கள் குனிந்து நடக்கிற நாளிலும் இங்கே மரங்களுக்குள் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆகஸ்ட்டில் ஓரத்தில் காட்டு நீலப்பழங்கள் பழுத்திருக்கும், பறித்துத் தின்னலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பச்சை நீரை மேலே நின்று பார்ப்பது ஒரு விதம். அதன் விளிம்பிலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூன்று மணி நேரம் நடப்பது வேறு விதம். அம்மாவும் அக்காவும் இந்த வழியில் வரட்டும், நீங்கள் மேலே போங்கள், மாலையில் யெண்டெஸ்ஹெய்மில் சந்தியுங்கள். யாராவது ஒருவர் அம்மாவோடு இருக்க வேண்டும், தனியாக அனுப்பாதீர்கள். தொலைபேசி இணைப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் படகில் யெண்டெபு வரை போங்கள். மலைநடைச் சங்கம் 1871-இல் அங்கே கட்டிய விடுதி இன்றும் இயங்குகிறது. கூட்டம் பாதிகூட இருக்காது. மேமுருபுவிலிருந்து யெண்டெபுவுக்கு மேட்டு வழியாகவும் நடக்கலாம், ஆனால் கடைசி இறக்கமான புக்கெலேக்ரெ மிகச் செங்குத்து. பிடித்து இறங்கச் சங்கிலி போட்டிருக்கிற இடங்கள் உண்டு. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

கூடாரம் போடலாமா என்றால், போடலாம், பணமும் கிடையாது. நார்வேயில் 1957-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல. குடியிருக்கும் வீட்டிலிருந்து, கோடைவீட்டிலிருந்தும்தான், 150 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவு, ஆளரவமற்ற மலைமேட்டில் அதற்கு மேலும் இருக்கலாம். 1980-இல் இது தேசியப் பூங்காவான பிறகும் அந்த உரிமை தொடர்கிறது. வேலி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, வாசலில் காவலரும் இல்லை. அதனாலேயே சில விதிகளை நாமாகப் பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. குப்பையை, ஆரஞ்சுத் தோல் உட்பட, கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். டிரோன் பறக்கவிடக் கூடாது. பறவைகளுக்கும் கலைமான்களுக்கும் தொந்தரவு என்பதே காரணம். கலைமான் கூட்டம் கண்ணில் பட்டால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க முயலாதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள், அவை தம் போக்கில் கடந்து போகும். இந்தக் கிழக்குப் பகுதியில் மேய்பவற்றில் வாகோ ஊர்க்காரர்கள் வளர்க்கும் மந்தைகளும் உண்டு.

ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு நான் விடுதியைத்தான் சொல்வேன். ஆகஸ்ட்டிலும் இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும், நல்ல தூக்கப்பை இல்லாமல் அம்மா தூங்க மாட்டார். யெண்டெஸ்ஹெய்மையும் யெண்டெபுவையும் 1868-இல் தொடங்கிய டிஎன்டி என்ற நார்வே மலைநடைச் சங்கம் நடத்துகிறது. மேமுருபு தனியாருடையது. சங்க உறுப்பினர்களுக்கு விலை குறைவு, ஓரிரு இரவு தங்கினாலே உறுப்பினர் கட்டணத்தில் நல்ல பங்கு திரும்பிவிடும், அக்கா பெயரில் விசாரியுங்கள். படுக்கை உறை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், அதனால் அறைக்குள் போட ஒரு சோடி தடித்த காலுறை. நனைந்து திரும்பும் நாளில் விடுதியின் உலர்த்தும் அறையின் அருமை தெரியும்: சூடான காற்று வீசும் சின்ன அறை, கொடிகளில் ஈர ஜாக்கெட்டுகள், கீழே வரிசையாகப் பூட்ஸ், கம்பளிக் காலுறை வாடை மூக்கைத் துளைக்கும். காலையில் எல்லாம் காய்ந்திருக்கும். உங்கள் காலுறை எது என்று அடையாளம் கண்டுபிடிப்பதுதான் பாடு.

சைவம் கிடைக்கும், ஆனால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் உருளைக்கிழங்கும் சாலடும்தான் மிஞ்சும். இரவு உணவுக்குக் குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். மதியத்துக்கு அங்கேயே ரொட்டி கட்டிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். ஃபிளாஸ்கில் வெந்நீரோ தேநீரோ நிரப்பிக்கொள்ளுங்கள். இங்குள்ள நம்மவர்கள் பலர் முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள், குளிரில் கெடுவதில்லை, அக்காவிடம் கேட்டால் செய்து தருவார். கூடவே கடையில் க்விக் லுன்ஷ் சாக்லெட் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் உறையின் உள்பக்கத்தில் நார்வேக்காரர்களின் மலைநடை விதிகள் ஒன்பதையும் அச்சடித்து வருவது பழைய வழக்கம். எட்டாவது விதி: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம்.

உடையில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், உடம்பை ஒட்டிப் பருத்தி போடாதீர்கள். ஏற்றத்தில் வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், முகட்டில் காற்று பட்டதும் உடம்பு நடுங்கத் தொடங்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொப்பி, கையுறை ஆகஸ்ட்டிலும் தேவை. துறையில் 12 டிகிரி என்றால் வெஸ்லஃபியெல் மேட்டில் ஏழு, எட்டுதான், காற்றடித்தால் உடம்புக்கு அது சுழியம் மாதிரி. பூட்ஸைப் பயணத்துக்கு முந்தைய நாள் வாங்காதீர்கள், சென்னையிலேயே வாங்கி ஒரு மாதம் போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

வானிலைக்கு நார்வே வானிலை நிறுவனமும் என்ஆர்கே ஒலிபரப்பும் சேர்ந்து நடத்தும் ஒய்ஆர் செயலியைப் பாருங்கள். எல்லோரும் மழைக்குறியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காற்றின் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் காட்டினால், பழக்கமில்லாத நீங்கள் அன்று முகட்டை விட்டுவிட்டுக் கரை வழியில் போங்கள். இலேசான தூறலில், காற்றில்லாமல் இருந்தால், கவனமாக ஏறலாம். போகும் முன் விடுதி வரவேற்பில் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் தினமும் அந்த மலையைப் பார்க்கிறவர்கள். ‘இன்றைக்குப் போவதற்கில்லை’ என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால் அவசர எண் மருத்துவத்துக்கு 113, காவல்துறைக்கு 112. மலை மீட்புக்குக் காசு கேட்க மாட்டார்கள், எனவே செலவுக்குப் பயந்து கூப்பிடத் தயங்காதீர்கள்.

தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமானால், வார நாளில் வருகிற மாதிரி வையுங்கள். சனிக்கிழமை முகட்டின் செங்குத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒவ்வொருவரும் படம் எடுத்து நகரும்வரை காத்திருந்தே கை விறைத்துவிடும். ஆகஸ்ட் நடுவில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் காலையில் பதற வேண்டியதில்லை. ஆனாலும் முதல் படகை விடாதீர்கள், இரண்டாவது படகு வருவதற்குள் பாதி ஏற்றம் முடிந்திருக்கும். விடுதியையும் படகையும் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். அறை கிடைக்கிற தேதியை முதலில் பிடித்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் ஆஸ்லோ நாட்களை மாற்றிக்கொள்ளலாம்.